நிறுத்திய பக்கம் யாருடையது?

(நூலக வார விழாவில் வாசகர் வட்டத்தார் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பின்வரிசையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவத் தம்பி தங்கைகளை நான் குறைசொல்லப் போவதில்லை. இன்றைய பேச்சே அந்தக் கைபேசிக்குள் இருக்கும் புத்தகங்களைப் பற்றியதுதான்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'வீட்டிலேயே ஒரு மின்னூலகம்'. சேர்த்து வைத்திருக்கும் மின்னூல்களை நம் வீட்டுக் கணினியிலேயே ஒழுங்காக வைப்பது எப்படி? இரவு படுக்கையில் வாசிப்புக் கருவியில் நிறுத்திய இடத்திலிருந்து, காலையில் பேருந்தில் கைபேசியில் தொடர்வது எப்படி? இந்த இரண்டும்தான் இன்றைக்குப் பேச்சு. பொது நூலகக் கட்டடத்துக்குள் நின்றுகொண்டு வீட்டு நூலகத்தைப் பற்றிப் பேச அனுமதித்த நூலகருக்குப் பெரிய மனசு.

முதலில் ஒரு கேள்வி. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மின்னூல் யாருடையது?

'என்னுடையதுதான், இதிலென்ன சந்தேகம்' என்கிறீர்கள். சரி. 2009 ஜூலை மாதத்துக்குப் போவோம். அமெரிக்காவில் அமேசானின் கிண்டில் என்ற வாசிப்புக் கருவி வைத்திருந்த சிலர் அதைத் திறக்கிறார்கள். வாங்கி வைத்த புத்தகத்தைக் காணோம். எந்தப் புத்தகம்? ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984'. குடிமக்களின் ஒவ்வொரு அசைவையும் அரசாங்கம் வேவு பார்க்கிற, பழைய செய்தித்தாளைக்கூடத் திருத்தி எழுதுகிற ஓர் உலகத்தைப் பற்றிய நாவல். அதே ஆசிரியரின் 'விலங்குப் பண்ணை'யும் கூடவே போயிற்று. அந்தப் பதிப்பை விற்றவருக்கு விற்கும் உரிமை இல்லை என்று தெரிந்ததும், அமேசான் நிறுவனம் தன் இடத்தில் இருந்தபடியே வாசகர்களின் கருவிகளிலிருந்து அதை அழித்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. நிறுவனத்தின் தலைவர் ஜெஃப் பெசோஸ் பிறகு பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார்.

இந்தக் கதையைப் பலர் கேட்டிருப்பீர்கள். இதற்குள் இன்னொரு கதை இருக்கிறது. மிச்சிகன் மாநிலத்துப் பள்ளி மாணவர் ஒருவர் '1984'ஐப் பாடத்துக்காகப் படித்து, வரிக்கு வரி குறிப்பு எழுதி வைத்திருந்தார். அந்தக் குறிப்புகள் அழியவில்லை. 'இந்தப் பத்தி முக்கியம்' என்பது போன்ற குறிப்புகள் அப்படியே இருக்கின்றன. எந்தப் பத்தி? அதைச் சொல்லப் புத்தகம் இல்லை! அவர் வழக்குத் தொடுத்தார். நிறுவனம் சமரசம் செய்துகொண்டது.

அடுத்தது 2019. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் மின்னூல் கடையை மூடுவதாக ஏப்ரலில் அறிவித்தது. ஜூலையிலிருந்து, அங்கே வாங்கிய புத்தகங்கள் திறக்கவில்லை. விலை திரும்பி வந்தது. புத்தகத்தில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்கு மட்டும் கூடுதலாக 25 டாலர். நினைத்துப் பாருங்கள். ஒருவர் ஆண்டுக்கணக்கில் எழுதிச் சேர்த்த ஓரக்குறிப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை, 25 டாலர். குறைந்தபட்சம் அதற்கு ஒரு விலை உண்டு என்றாவது ஒப்புக்கொண்டார்களே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.

இன்னொன்று, அண்மையில் நடந்தது. கிண்டிலில் வாங்கிய புத்தகத்தைக் கணினியில் இறக்கி, வயர் வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதி ஒன்று இருந்தது. 2025 பிப்ரவரி 26ஆம் தேதியோடு அதை நிறுத்திவிட்டார்கள்.

கடைக்காரர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. நானும் அங்கே வாங்குகிறவன்தான். நான் சொல்வது வேறு. வாசகனுக்குச் சொந்தமாக இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று புத்தகம். இன்னொன்று, அதில் அவன் வந்து நிற்கிற இடமும் எழுதி வைத்த குறிப்பும். முதலாவதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறோம். இரண்டாவதைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்? வீட்டு நூலகம் என்றால் இரண்டும் வீட்டில் இருக்க வேண்டும்.

எதை வைத்து அதைக் கட்டுவது? அதற்கு ஒரு மென்பொருள் இருக்கிறது. பெயர் காலிபர். 2006இல் சோனி நிறுவனம் ஒரு வாசிப்புக் கருவி விற்றது. அதோடு வந்த மென்பொருள் லினக்ஸ் கணினியில் ஓடாது. கலிஃபோர்னியாவில் கால்டெக் கல்வி நிறுவனத்தில் ஆய்வு மாணவராக இருந்த கோவிட் கோயல் அந்தக் கருவியை வாங்கியிருந்தார். நம் நாட்டுக்காரர். அவர் கணினி லினக்ஸ். என்ன செய்தார்? கருவியும் கணினியும் தமக்குள் என்ன பேசிக்கொள்கின்றன என்று ஒட்டுக்கேட்டு, அந்தப் பாஷையைக் கற்று, தானே ஒரு மென்பொருளை எழுதிவிட்டார். 2008இல் அதற்குக் காலிபர் என்று பெயர் வைத்தார். இன்று உலகம் முழுக்க மின்னூல் சேர்ப்பவர்களின் கணினியில் அது இருக்கிறது. இலவசம். நிரலும் திறந்தே கிடக்கிறது.

புத்தகங்களுக்கு எங்கே போவது? தமிழில் அதற்குப் பஞ்சமில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. நாடு நாடாகப் பரந்த தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, பிழை பார்த்து ஏற்றிய இலக்கியங்கள் அங்கே. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும். 2013 முதல் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில், ஆசிரியர்களே மனமுவந்து பொதுவில் விட்ட நூல்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் பழைய அச்சு நூல்களின் படவடிவங்கள். இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்தால் நூல் பொதுச்சொத்து. அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களும் அப்படியே. ஆகவே திருட்டுப் பிரதிக்கு அலைய வேண்டிய அவசியமே இல்லை. உயிரோடு இருக்கும் எழுத்தாளரின் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குங்கள். பூட்டில்லாமல் விற்கும் பதிப்பகத்திடம் வாங்கினால் இன்னும் நல்லது.

சரி, சேர்த்தாயிற்று. ஆர்வத்தில் ஒரே இரவில் ஐந்நூறு புத்தகம் இறக்குகிறோம். உடனே என்ன செய்யத் தோன்றுகிறது? கைபேசியில் தெரிய வேண்டும், டேப்லெட்டில் தெரிய வேண்டும், இப்போதே, இந்த நிமிடமே! அங்கேதான் நிறுத்துங்கள் என்கிறேன். முதலில் பட்டியல். ஒத்திசைவு, அதாவது நிறுத்திய இடத்தை எல்லாக் கருவிகளுக்கும் தெரியவைப்பது, பிறகு. இந்த வரிசையை மாற்றிச் செய்தவர்கள்தான் பாதியில் நூலகத்தைக் கைவிடுகிறார்கள். ஏன் என்று கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே புரியும்.

பட்டியல் என்றால் என்ன? கல்கியை எடுத்துக்கொள்வோம். ஒரு தளத்திலிருந்து வந்த கோப்பில் ஆசிரியர் பெயர் 'கல்கி'. இன்னொன்றில் 'கல்கி கிருஷ்ணமூர்த்தி'. வேறொன்றில் 'ரா. கிருஷ்ணமூர்த்தி'. நான்காவதில் ஆங்கில எழுத்தில் 'கல்கி'. நமக்கு இவர்கள் ஒரே ஆள். காலிபருக்கு நான்கு ஆசிரியர்கள். அதுமட்டுமா? ஆங்கிலப் பெயர் வழக்கப்படி கடைசிச் சொல்லை முன்னே போட்டு வரிசைப்படுத்துவது அதன் பழக்கம். 'கல்கி கிருஷ்ணமூர்த்தி' உடனே 'கிருஷ்ணமூர்த்தி, கல்கி' ஆகி, ககர வரிசையில் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்வார்.

ஒரு வேடிக்கை பாருங்கள். 'தி. ஜானகிராமன்' என்று புள்ளிக்குப் பின் இடம் விட்டு எழுதினால், காலிபர் அவரை ஜகர வரிசையில் அழகாகச் சேர்க்கும். இடம் விடாமல் 'தி.ஜானகிராமன்' என்று எழுதினால் முழுப் பெயரும் ஒரே சொல்லாகி, தகரத்துக்குப் போய்விடுவார். ஒரே ஓர் இடைவெளி! பழைய நூலகத்தில் அட்டை எழுதிய நூலகர்கள் தலைப்பெழுத்துக்காக ஏன் அப்படிச் சண்டை போட்டார்கள் என்று இங்கேதான் எனக்கு விளங்கியது. நல்லவேளை, திருத்துவது எளிது. இடப்பக்கம் தெரியும் ஆசிரியர் பட்டியலில் பெயரை மாற்றிவிட்டால், அவர் பெயரில் உள்ள எல்லாப் புத்தகங்களும் ஒரே வீச்சில் மாறிவிடும்.

அடுத்து, 'பொன்னியின் செல்வன்'. ஐந்து பாகம். புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாகச் சிகரம். ஐந்தையும் தனித்தனிக் கோப்பாகச் சேர்த்து, தலைப்பை மட்டும் கொடுத்து விட்டுவிடுங்கள். கணினி அகர வரிசையில் அடுக்கும். எப்படி வரும்? கொலை வாள் முதலில். பிறகு சுழற்காற்று. பிறகு தியாகச் சிகரம். அதற்கும் பிறகு புது வெள்ளம். கடைசியில் மணிமகுடம். மூன்று, இரண்டு, ஐந்து, ஒன்று, நான்கு! வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையேறி வருவதற்குள் கதையே முடிந்துவிடும். (சிரிப்பு) இதற்காகவே காலிபரில் 'தொடர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 'பொன்னியின் செல்வன்' என்று எழுதி, பக்கத்தில் 1 முதல் 5 வரை எண் கொடுங்கள். அந்த எண் புத்தகத்தோடு கைபேசிக்கும் போகும், வாசிப்புக் கருவிக்கும் போகும்.

தமிழ் வாசகர்கள் தவறாமல் பயப்படும் இடம் ஒன்று உண்டு. காலிபர் தன் புத்தகங்களை வைத்திருக்கும் கோப்புறைகளைத் திறந்து பார்த்தால், தமிழில் கொடுத்த பெயரெல்லாம் ஆங்கில எழுத்தில், அரைகுறை ஒலியோடு கிடக்கும். 'என் தமிழ் போச்சே' என்று அங்கே போய்ப் பெயரை மாற்றாதீர்கள். கையே வைக்காதீர்கள். எல்லாக் கணினியிலும் சிக்கலில்லாமல் திறக்க அது தானே வைத்துக்கொண்ட பெயர். உங்கள் தமிழ்ப் பெயர்கள் அதன் தரவுத்தளத்தில் பத்திரமாக இருக்கின்றன. நீங்கள் உறையின் பெயரை மாற்றினால், அது புத்தகத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் திணறும்.

பட்டியல் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஒத்திசைவு. நண்பர்களே, 'எந்தப் பக்கத்தில் விட்டேன்' என்பது எளிய கேள்வி போலத் தெரிகிறது. அச்சுப் புத்தகத்தில் எளியதுதான்: பக்கம் 112. மின்னூலில்? கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறீர்கள்; அங்கே அது 400ஆம் பக்கம். டேப்லெட்டில் சிறிதாக்கிப் படிக்கிறீர்கள். அதே வரி 150ஆம் பக்கம். பக்க எண்ணே நிலையில்லை! அப்படியானால் கருவி எதைக் குறித்துக்கொள்ளும்?

இபப் என்ற மின்னூல் வடிவம் உண்மையில் ஒரு பொட்டலம். பிரித்தால் உள்ளே இணையப் பக்கங்களைப் போன்ற சின்னச் சின்னக் கோப்புகள், பெரும்பாலும் அத்தியாயத்துக்கு ஒன்று. நல்ல வாசிப்புச் செயலி, 'பன்னிரண்டாம் கோப்பில் முப்பத்து நான்காம் பத்தி' என்று குறித்துக்கொள்கிறது. எழுத்து எத்தனை பெரிதானாலும் முப்பத்து நான்காம் பத்தி முப்பத்து நான்காம் பத்திதான். கூடவே, நூற்றுக்கு எத்தனை படித்தாயிற்று என்ற கணக்கும், எந்தக் கருவி, எந்த நேரம் என்ற குறிப்பும். இவ்வளவையும் எழுதினால் இரண்டு மூன்று வரிதான் வரும். அந்த இரண்டு வரியைச் சேமித்துத் திருப்பித் தரத்தான் இத்தனை பெரிய நிறுவனங்கள் நம்மைக் கட்டிப்போட்டு வைத்திருக்கின்றன!

நான் பரிந்துரைக்கும் செயலி கேஓரீடர். ஆண்ட்ராய்டு கைபேசியில் ஓடும், கோபோ என்ற வாசிப்புக் கருவியில் ஓடும், கொஞ்சம் மெனக்கெட்டால் பல கிண்டில்களிலும் ஓடும். இதுவும் இலவசம். அந்த இரண்டு வரியைச் சேமிக்கும் சேவையகத்தை அவர்களே பொதுவில் நடத்துகிறார்கள். வேண்டாமா? அதே நிரலை உங்கள் வீட்டில், உள்ளங்கை அளவு ராஸ்பெர்ரி பை கணினியில் ஓடவிடலாம்.

இனிதான் முக்கியமான இடம். இரண்டு கருவியிலும் இருப்பது ஒரே புத்தகம்தான் என்று கேஓரீடருக்கு எப்படித் தெரியும்? தலைப்பைப் பார்த்தா? இல்லை. கோப்பின் தொடக்கத்திலும், பிறகு நான்கு நான்கு மடங்காகத் தள்ளிப்போகும் இடங்களிலும் 1024 பைட் அளவுள்ள துண்டுகளை எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கைரேகை தயாரிக்கிறது. ரேஷன் கடையில் நாம் விரல் வைக்கிறோமே, அதுபோல. ரேகை பொருந்தினால் ஒரே புத்தகம். பொருந்தாவிட்டால் வேறு புத்தகம். நடுவில் பேச்சில்லை.

இப்போது, பட்டியலை முதலில் போடுங்கள் என்றேனே, அதற்கு வாருங்கள். திங்கட்கிழமை ஒரு நாவலைக் காலிபருக்குள் இருக்கும் சேவையகத்திலிருந்து கைபேசியில் இறக்குகிறீர்கள். செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து ஆசிரியர் பெயரைத் திருத்துகிறீர்கள், தொடர் எண் கொடுக்கிறீர்கள், அட்டைப்படம் மாற்றுகிறீர்கள். புதன்கிழமை அதே நாவலை வாசிப்புக் கருவியில் இறக்குகிறீர்கள். காலிபர் என்ன செய்யும்? கொடுத்தனுப்பும்போது, நீங்கள் திருத்திய விவரங்களைக் கோப்புக்குள்ளேயே எழுதிக் கொடுக்கும். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் கோப்பு மாறிவிட்டது. ரேகை மாறிவிட்டது. திங்கட்கிழமைப் புத்தகம் வேறு, புதன்கிழமைப் புத்தகம் வேறு! கைபேசியில் பாதி தாண்டியிருப்பீர்கள். கருவி முதல் பக்கத்தில் நின்றுகொண்டு உங்களைப் பார்க்கும். 'ஒத்திசைவு வேலை செய்யவில்லை' என்று ஊரெல்லாம் கேட்கும் புலம்பலில் பெரும்பங்கு இதுதான்.

தீர்வு என்ன? பெயர், தொடர், அட்டை எல்லாவற்றையும் முதலிலேயே முடியுங்கள். பிறகு ஒரே கோப்பை எல்லாக் கருவிக்கும் அனுப்புங்கள். பிழை திருத்தியே தீர வேண்டுமா? எல்லாக் கருவியிலும் பழையதை நீக்கிப் புதியதைப் போடுங்கள். அடிக்கடி திருத்தும் ஆசாமி என்றால், கேஓரீடரின் அமைப்பில் ரேகைக்குப் பதிலாகக் கோப்பின் பெயரை வைத்து அடையாளம் காணச் சொல்லலாம். அப்போது பெயரில் ஒரு புள்ளிகூட மாறக் கூடாது.

கேஓரீடரெல்லாம் நமக்கு எட்டாது என்கிறவர்களுக்கும் வழி உண்டு. காலிபரிலேயே உள்ளடக்கச் சேவையகம் இருக்கிறது. அதை ஓடவிட்டு, ஆளுக்கொரு பயனர் பெயர் கொடுத்தால் போதும். உலாவியில் திறந்து படிக்கலாம். நிறுத்திய இடம் அங்கேயே பதிவாகும். கோபோ வைத்திருப்பவர்களுக்குக் காலிபர்-வெப் என்ற தனி மென்பொருள் இருக்கிறது. அது செய்வது எனக்கு மிகவும் பிடித்த குறும்பு. கருவிக்குள் ஓர் அமைப்புக் கோப்பில் கடையின் முகவரி ஒரு வரியாக இருக்கும். அந்த வரியில் உங்கள் வீட்டுச் சேவையகத்தின் முகவரியை எழுதிவிட்டால், கருவி கடைக்குப் போவதாக நினைத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்து புத்தகம் வாங்கிப்போகும்!

ஆளுக்கொரு பயனர் பெயர் என்றேன். இதை அலட்சியம் செய்யாதீர்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே கணக்கு; தாத்தா நிதானமாக நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறார்; பேரன் டேப்லெட்டில் அதே புத்தகத்தைத் திறந்து, படம் இருக்கிறதா என்று கடைசிப் பக்கம் வரை தள்ளிப் பார்க்கிறான். அவ்வளவுதான். மறுநாள் தாத்தாவின் கருவி கதையின் முடிவில் போய் நிற்கும். துப்பறியும் கதையாக இருந்தால் வீட்டில் சண்டையே வரும். இடம் மாறுவதற்கு முன் கேட்டுவிட்டு மாறும்படி கேஓரீடரில் அமைக்கலாம். கேட்கச் சொல்லுங்கள்.

வெளியூரிலிருந்து வீட்டு நூலகத்தைத் திறப்பது பற்றிக் கேட்பீர்கள். நம் ஊர் இணைய இணைப்புகளில் பெரும்பாலும் வீட்டுக்கென்று தனிப் பொது முகவரி கிடையாது. பல வீடுகளுக்கு ஒன்றுதான். அதனால் வெளியிலிருந்து நேரே வீட்டுக் கணினியை எட்ட முடியாது. டெயில்ஸ்கேல் போன்ற ஒரு தனிப்பட்ட வலைப்பின்னல் செயலியைக் கைபேசியிலும் வீட்டுக் கணினியிலும் போட்டால் போதும். நூலகத்தைக் கடவுச்சொல் இல்லாமல் ஊருக்கே திறந்து வைக்காதீர்கள். அது பாதுகாப்பும் இல்லை. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய எழுத்தாளரின் நூலும் அதற்குள் இருக்கிறது.

இன்னோர் எச்சரிக்கை. காலிபர் நூலகத்தைக் கூகுள் டிரைவ் மாதிரியான இடத்தில் வைத்து, இரண்டு கணினியில் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள். நூலகத்தின் மூளை முழுவதும் ஒரே ஒரு தரவுத்தளக் கோப்பு. இரண்டு பக்கமும் எழுதினால் அது சிதைந்துவிடும். காலிபர்காரர்களே இதைக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு கணினி எழுதட்டும். மற்றவை படிக்கட்டும்.

மின்சாரம் போகும், வட்டு கெடும். பிரதி எடுத்து வையுங்கள். நூலக உறை முழுவதையும் வெளி வன்வட்டில் ஒரு பிரதி, வேறு வீட்டில், தம்பி வீட்டிலோ மகள் வீட்டிலோ, இன்னொரு பிரதி. எழுத்து வடிவ மின்னூல் ஒன்று பெரும்பாலும் ஒன்றிரண்டு எம்பிதான். ஆயிரம் நூல் ஒரு சின்னப் பென் டிரைவுக்குள் அடங்கும். இடத்தை விழுங்குவதெல்லாம் ஸ்கேன் செய்த பிடிஎஃப்தான். நிறுத்திய இடங்களைச் சேமிக்கும் சேவையகத்தின் தரவையும் சேர்த்துப் பிரதி எடுங்கள். புத்தகத்தை மறுபடி இறக்கிக்கொள்ளலாம். நிறுத்திய இடத்தை எந்தத் தளத்திலிருந்து இறக்குவீர்கள்?

பிரதி எடுத்தால் மட்டும் போதாது, மீட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பழைய மடிக்கணினியில் அந்தப் பிரதியைப் போட்டு, காலிபரில் திறந்து பாருங்கள். தரவுத்தளக் கோப்பே கெட்டுப்போனாலும் கலங்க வேண்டாம். ஒவ்வொரு புத்தகத்தின் உறையிலும் தலைப்பு, ஆசிரியர், தொடர் எண் எல்லாம் எழுதிய ஒரு சின்னக் கோப்பைக் காலிபர் ஏற்கெனவே வைத்திருக்கும். 'தரவுத்தளத்தை மீட்டெடு' என்று சொன்னால், ஒவ்வோர் உறையாகப் போய் அந்தச் சீட்டுகளைப் படித்து முழுப் பட்டியலையும் மறுபடி கட்டிவிடும். நீங்கள் போட்ட அந்த ஒரே ஓர் இடைவெளி, தி-க்குப் பக்கத்துப் புள்ளிக்குப் பிறகு, அதுவும் திரும்பி வரும்.

கடைசியாக, கடவுச்சொற்களைக் காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள். எந்தப் பெட்டி என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று அவைத் தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கருவி கொண்டுவந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வாருங்கள். காலிபர் ஓடும் மடிக்கணினி இங்கேயே இருக்கிறது, உங்கள் புத்தகத்தில் ஒன்றைச் சேர்த்தே காட்டுகிறேன்.